பன்னிரண்டுக்குக் குறைந்தால் பேசாத மாமா

உழவர்கரை
ஞாயிற்றுக்கிழமை மாலை

ஓசூரில் மூச்சு வாங்கி மூச்சு வாங்கி மாடி ஏறிக்கொண்டிருக்கும் அன்பு அக்கா திருமதி சுடர்விழி வெற்றிச்செல்வன் அவர்களின் வீங்கிய பாதங்களுக்கு, தங்கை இனியா பணிவுடன் எழுதிக்கொள்வது. பணிவு என்பது கடிதத்துக்கு மட்டும். நேரில் வந்தால் எதிர்பார்க்காதே.

இங்கே அனைவரும் நலம். அங்கே நீயும் அத்தானும் உள்ளே இருந்து உதைத்துக்கொண்டிருக்கும் சின்னதும் நலமா என்று அறிய ஆவல். இதில் முதல் வாக்கியத்தை எவ்வளவு நம்பலாம் என்று கேட்பாய். உன் மாமனார் கிருஷ்ணசாமி மாமா வாயால் சொல்வதை நம் அப்பா எவ்வளவு நம்புவாரோ அவ்வளவு நம்பு. அதாவது பத்து மாதமாக ஒரு பொட்டும் கிடையாது. ஆனால் இன்று மத்தியானத்தோடு அந்த நிலவரம் மாறிவிட்டது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இந்தக் காலத்தில் தபால்தலை ஒட்டி எழுதுகிறாளே என்று சிரிக்காதே. என் கைபேசி பீரோவில் கைதியாக இருக்கிறது. அப்பாவின் கைபேசியில் அவருடைய குழாய் கம்பெனி மேனேஜர் அழைத்தால் மட்டும் கழுதை கத்தும்படி வைத்திருந்தேன், அவ்வளவுதான். ஒரு நாள் அப்பா கைபேசியை எங்கேயோ வைத்துவிட்டுத் தேட, இரக்கப்பட்ட மேனேஜர் தானே அழைத்துக் கண்டுபிடித்துத் தருகிறேன் என்று அழைத்திருக்கிறார். கைபேசி கிடைத்துவிட்டது. மேனேஜரின் இரக்கம்தான் கிடைக்கவில்லை. அம்மாவின் கைபேசியோ, பேட்டரி எவ்வளவு இருக்கிறது பார்க்கிறேன் என்ற சாக்கில் தினமும் அப்பாவின் தணிக்கைக்குப் போய் வருகிறது. ஆகவே தபால்காரரே துணை.

நீ சீட்டு என்றாலே எழுந்து போய்விடுகிறவள். அதனால் உனக்குப் புரிகிற மாதிரியே சொல்கிறேன். பிரிட்ஜ் ஆட்டத்தில் இரண்டு பேர் ஒரு கட்சி, எதிரே இரண்டு பேர் எதிர்க்கட்சி. சீட்டை இறக்குவதற்கு முன்னால் ஏலம் நடக்கும். சுற்றுக்கு ஒரு பிடி, பதின்மூன்று சுற்றில் நாங்கள் இத்தனை பிடி பிடிக்கிறோம், இந்தச் சாதிச் சீட்டுத்தான் துருப்பு என்று ஒவ்வொருவரும் கேட்க வேண்டும். கையில் பலம் இருந்தால்தான் வாய் திறக்க முடியும். ஏஸுக்கு நாலு, ராஜாவுக்கு மூன்று, ராணிக்கு இரண்டு, ஜாக்கிக்கு ஒன்று, ஆக முழுக் கட்டுக்கும் நாற்பது மதிப்பு. எதிராளி ஏலத்தில் வாய் திறந்தால், அவனிடம் என்ன இருக்கிறது என்று அவனே உனக்குச் சொல்லிவிட்டான் என்று பொருள். வாய் திறக்காவிட்டால், என்ன இல்லை என்று சொல்லிவிட்டான். கெட்டிக்கார ஆட்டக்காரர் எதிராளியின் பேச்சையும் மௌனத்தையும் காதில் வைத்துக்கொண்டே சீட்டை இறக்குவார். எந்த ராஜா எந்தக் கையில் ஒளிந்திருக்கிறார் என்று முதுகுக்குப் பின்னாலிருந்து பார்த்த மாதிரி சொல்வார்.

நம் அப்பா தணிகாசலம் அப்படிப்பட்ட கெட்டிக்காரர்தான். மில் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் ஷிப்டு முடிந்து மன்றத்தில் உட்கார்ந்த நாள் முதல் அவரும் கிருஷ்ணசாமி மாமாவும் ஒரே கட்சி. மில்லை மூடினார்கள், மன்றத்தை மூடவில்லை. அப்பா தட்டாஞ்சாவடிக்குக் குழாய் செய்யப் போனார், மாமா தவளக்குப்பம் சந்திப்பில் டூவீலர் உதிரிபாகக் கடை போட்டார். நடுவில் மாமாவைத் தனியாக விட்டுவிட்டு அத்தையும் போய்ச் சேர்ந்துவிட்டார். இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை என்றால் மாமா கடலூர் பஸ்ஸில் வந்து இறங்குவார், ஆட்டம் முடிந்ததும் அப்பா அவரை ஸ்கூட்டரில் கொண்டுபோய் பஸ் ஏற்றிவிடுவார். அவர்களுக்குள் ஓர் ஒப்பந்தம். கையில் பன்னிரண்டு மதிப்பு இல்லாமல் ஏலத்தில் முதல் வாய் திறக்கக் கூடாது. மன்றத்தில் பதினொன்றை வைத்துக்கொண்டு பதினைந்து மாதிரி கத்துகிறவர்கள் உண்டு. மாமா மட்டும் அப்படிச் செய்ததே இல்லை. பன்னிரண்டுக்கு ஒன்று குறைந்தாலும் பல்வலிக்காரர் மாதிரி உட்கார்ந்திருப்பார்.

அப்படி இருந்த இரண்டு பேரைத்தான் நீயும் அத்தானும் ரிஜிஸ்டர் ஆபீசில் போட்ட கையெழுத்துப் பிரித்துவைத்தது. குற்றம் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். செய்தி வந்த அன்றே அப்பா தவளக்குப்பம் போனார். “உனுக்கு முன்னாடியே தெரியுமாடா?” என்று கேட்டார். “சத்தியமா தெரியாதுப்பா” என்று மாமா சொன்னார். அப்பா நம்பவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. “பொண்ணு சின்னது செல்வா, பயந்துக்கினு சொல்லல. இவன் எங்கூட உக்காந்து சீட்டாடிக்கினே மறைச்சான் பாரு, அதத்தான் தாங்க முடியல.”

அடுத்த ஞாயிறே மாமாவின் எதிர்க்கட்சியில் உட்கார்ந்தார் அப்பா. பார்ட்னர் யாரும் கிடைக்காததால் நான். மாமாவுக்குக் கிடைத்த பார்ட்னர் கலியமூர்த்தி தாத்தா, பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்த சொல்தா, பென்ஷன் யூரோவில், கோபம் தமிழில், ஏலம் மட்டும் பிரெஞ்சில். இஸ்பேடை ‘பிக்’ என்பார், ஆட்டினை ‘கேர்’ என்பார். என்னைப் பார்த்தால் “சவா, மத்மசேல்?” என்று பிரெஞ்சில் நலம் கேட்டு, நான் பதில் சொல்வதற்குள் என் கையில் இருக்கும் சீட்டை எட்டிப் பார்ப்பார்.

மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. எதிராளியின் ஏலத்துக்கு அர்த்தம் தெரியாவிட்டால் அவருடைய பார்ட்னரைக் கேட்கலாம், அவர் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அப்பா பத்து மாதமாக மாமாவோடு நடத்திய பேச்சுவார்த்தை முழுக்க இந்த வழியில்தான். “கலியமூர்த்தி அண்ணே, உங்க பார்ட்னரு ஆட்டின் கேட்டாரே, அதுக்கு இன்னா அர்த்தம்?” என்பார். தாத்தா தலையில் அடித்துக்கொண்டு, “யோவ், நீங்க ரெண்டு பேரும் சேந்து கண்டுபுடிச்ச ஏலம்யா இது. எனக்கே போன மாசந்தான் கத்துக் குடுத்தான். எங்கிட்ட அர்த்தம் கேக்கிற?” என்பார். அதை உருவாக்கியவரே அர்த்தம் கேட்கிறார், உருவாக்கிய இன்னொருவர் சீட்டை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு சுவரைப் பார்க்கிறார். மன்றமே சிரிக்கும். எனக்கு மட்டும் சிரிப்பு வராது அக்கா. எனக்கே இந்தக் கதி என்றால் பார்த்துக்கொள்.

கேட்டுவிட்டாவது நம்புவாரா என்றால் அதுவும் இல்லை. மாமா ஆட்டின் கேட்டால், ஆட்டின் அவரிடம் இல்லவே இல்லை என்பது போல் ஆடுவார். மாமா பலம் காட்டினால் பலமெல்லாம் தாத்தாவிடம் என்று தேடிப் போவார். ஒவ்வொரு முறையும் ராஜா மாமாவின் கையிலிருந்துதான் இறங்குவார். நாங்கள் தோற்போம். பத்து மாதத்தில் நாங்கள் தோற்றதைப் பார்த்து, கேரம் ஆடுகிறவர்கள்கூட எழுந்து வந்து துக்கம் விசாரித்துவிட்டுப் போனார்கள்.

“அப்பா, அவருதான் வாயால சொன்னாரே, ராஜா அவருகிட்டதான்னு. ஏன் அந்தப் பக்கம் ஆடனீங்க?”

“அவன் சொல்லுவான்.”

“சீட்டுல அவரு பொய் சொன்னதே இல்லன்னு நீங்கதான சொல்வீங்க?”

“வாய மூடிக்கினு வண்டில ஏறு.”

இதற்கிடையில்தான் உனக்கு ஏழாம் மாதம் பிறந்தது. வளைகாப்பு நம் வீட்டில் போட்டு, பிரசவத்துக்கு உன்னை இங்கேயே அழைத்துக்கொள்ள வேண்டும் என்று அம்மா அப்பாவின் காலைச் சுற்றிச் சுற்றி வந்தார். சாம்பாரில் உப்பைக் குறைத்துப் பார்த்தார், கூட்டிப் பார்த்தார். அப்பா ஒரே பதில் வைத்திருந்தார். “மொறன்னு ஒன்னு இருக்குது. அவன் வாயால, உம்பொண்ண அழச்சிக்கினு போடான்னு சொல்லணும். சொல்றத நான் நம்பணும். ரெண்டும் நடக்காது. உட்டுடு.” அம்மா விட்டுவிட்டார். விட்டுவிட்டார் என்றால், பேசுவதை விட்டார். அலமாரியில் உன் பழைய வளையலை எடுத்துத் துடைத்து வைப்பதை விடவில்லை.

இனி இன்றைய கதை. மத்தியானம், மன்றத்தில் மின்விசிறி வேலை செய்யாத மேஜை. அப்பாவுக்கு வலது பக்கம் மாமா, இடது பக்கம் தாத்தா, எதிரே நான். மாமா முதலில் வாய் திறந்தார். “ஒரு ஆட்டின்.” அப்பா, “ஒரு இஸ்பேடு.” தாத்தா, “பாஸ்” என்று பிரெஞ்சில் பெருமூச்சு விட்டார். என் கையில் நல்ல சரக்கு, ஆகவே நான் ஒரே தாவாக, “நாலு இஸ்பேடு.” அதற்குப் பத்துப் பிடி வேண்டும். பதின்மூன்றில் மூன்றுக்கு மேல் தோற்கக் கூடாது. ஏலம் எங்களுக்கு. வழக்கப்படி என் சீட்டையெல்லாம் மேஜைமேல் விரித்தேன். அப்புறம் நான் டம்மி, அப்பா சொல்கிற சீட்டை எடுத்துப் போடுவது மட்டும்தான் வேலை. டம்மி பேசக் கூடாது, இருமக் கூடாது, புருவத்தைத் தூக்கக் கூடாது. என்னைப் போன்ற ஒருத்திக்கு இதைவிட ஜெயில் மேல்.

தாத்தா ஆட்டினை இறக்கினார். மாமா ஆட்டின் ஏஸ் அடித்தார், ஆட்டின் ராஜா அடித்தார், கூடவே டைமன் ஏஸையும் அடித்தார். மூன்று பிடி போயிற்று. இனி ஒன்றும் போகக் கூடாது. மாமா கிளாவர் போட்டார், அப்பா தன் கையில் பிடித்தார். வெளியே இருந்த பெரிய சீட்டு ஒன்றே ஒன்றுதான், துருப்பான இஸ்பேடு ராஜா. என் விரிப்பில் இஸ்பேடு ஏஸும் ராணியும். ராஜா தாத்தாவிடம் இருந்தால் கவலையில்லை. அவர் எனக்கு முன்னால் சீட்டுப் போடுகிறவர், என் ராணியை வைத்தே தப்பிக்கலாம். ராஜா மாமாவிடம் இருந்தால், அவர் எனக்குப் பின்னால் போடுகிறவர், ராணியை லபக்கென்று விழுங்கிவிடுவார். அப்போது ஒரே ஒரு வழிதான். ஏஸை அடித்துவிட்டு, மாமாவின் கையில் அந்த ராஜா துணைக்கு வேறு இஸ்பேடு இல்லாமல் தனியாக நிற்க வேண்டுமே என்று வேண்டிக்கொள்வது. ஊரில் யாராக இருந்தாலும் ராணியைத்தான் போடுவார்கள். மாமாவை நம்புகிறவர் மட்டும்தான் ஏஸைப் போடுவார்.

ஏன் என்று கேள். எங்கள் இரண்டு கையிலும் சேர்த்து இருபத்தாறு. மீதி பதினாலு. மாமா அடித்துக் காட்டியது ஏஸ், ராஜா, ஏஸ், பதினொன்று. பதினொன்றை வைத்துக்கொண்டு அவர் வாய் திறந்திருந்தால் ராஜா தாத்தாவிடம். பன்னிரண்டு இல்லாமல் வாய் திறக்கவில்லை என்றால் ராஜா அவரிடமேதான். கணக்கு முழுக்க ஒரே கேள்வியில் வந்து நின்றது. இவர் பொய் சொல்கிறவரா, இல்லையா?

அப்பா சின்ன இஸ்பேடை இறக்கினார். தாத்தா ஒரு சின்னதைப் போட்டார். அப்பா என் விரிப்பைப் பார்த்தார். வழக்கம் போல் தாத்தாவிடம் திரும்பினார்.

“அண்ணே, உங்க பார்ட்னரு மொதல்ல ஆட்டின் கேட்டாரே...”

“பன்னெண்டுக்குக் கொறையாம இருக்கும்னு அர்த்தம்! எத்தினி வாட்டிய்யா சொல்றது?”

“எப்பவுமேவா?”

“அத அவனையே கேளேன். பக்கத்துலதான குந்திக்கினு இருக்கான்?”

அப்பா கேட்கவில்லை. ஆனால் திரும்பி மாமாவைப் பார்த்தார். மாமா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டைக் காலரில் பொத்தான் அறுந்து, வேறு நிற நூலில் தைத்திருந்தது. தானே தைத்திருப்பார். அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தோன்றியது. டம்மிக்குத் தோன்றலாம், சொல்லத்தான் கூடாது.

“ஏஸு போடு பாப்பா” என்றார் அப்பா.

போட்டேன். மாமாவின் கையிலிருந்து இஸ்பேடு ராஜா, தன்னந்தனியாக, தொப்பென்று விழுந்தார்.

தாத்தா நாற்காலியோடு பின்னால் சாய்ந்து, “மோன் தியே! எவன்யா இத ஏஸால அடிப்பான்?” என்று பிரெஞ்சுக் கடவுளைக் கூப்பிட்டுக் கத்த, கேரம்காரர்கள் ஓடி வந்தார்கள். அப்பா யாரையும் பார்க்கவில்லை. மாமாவிடம், நேராக, மாமாவிடமே சொன்னார். “பதினொன்னு வந்துடுச்சி. பன்னெண்டு இல்லாம நீ வாயத் தெறக்க மாட்டியே.” பத்து மாதத்துக்குப் பிறகு முதல் ‘நீ’. மாமா மேஜைமேல் கிடந்த ராஜாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த ஆட்டத்துக்குச் சீட்டுக் கலைக்கும்போது அவர் கையிலிருந்து பாதிக் கட்டுக் கீழே கொட்டியது. குனிந்து பொறுக்கியவர் நிமிர ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார்.

திரும்பி வரும்போது ஸ்கூட்டரில் அப்பா தானாகவே பேசினார். “சீட்டுலயே பொய் சொல்லத் தெரியாதவன் வேற எங்க பாப்பா சொல்லப் போறான்? நாந்தான் புத்தி கெட்டுப் போயி...” மீதியை எதிர்க்காற்று கொண்டுபோயிற்று. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியவுடன், “செல்வா, வளையல் வாங்கணும்னியே, எந்தக் கடையில?” என்றார். அம்மா குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதார். தொட்டித் தண்ணீர் தீரும் வரை அழுதார். கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து, “மோட்டாரு போடட்டுமா?” என்று கேட்டுவிட்டுப் போனார். அப்பா மாமாவுக்குத் தானே அழைத்து, வீட்டுக்கு வா, முறைப்படி பேசி முடித்துவிடலாம் என்றார். மாமா நாளைக்கே வருகிறேன் என்றாராம்.

ஆகவே அக்கா, வருகிற வெள்ளிக்கிழமை உனக்கு வளைகாப்பு. இதை விரைவுத் தபாலில் போடுகிறேன், வியாழனே வந்துவிடு. அப்பாவும் மாமாவும் மறுபடி ஒரே கட்சியாகிவிடுவார்கள், எனக்கு வேலை போய்விடும், சந்தோஷமாகவே போகட்டும். அத்தானுக்கு என் மரியாதை, உன் பெருமூச்சுக்கு என் அனுதாபம். உள்ளே இருக்கும் சின்னதுக்குச் சித்தியின் ஆசி, நல்ல சீட்டாக அமையட்டும், அமையாவிட்டாலும் தைரியமாக ஏலம் கேட்கட்டும்.

இப்படிக்கு,
வேலை போகப்போகும் டம்மி,
இனியா

பின்குறிப்பு (திங்கட்கிழமை மாலை): கடிதத்தை ஒட்டுவதற்குள் மாமா வந்துவிட்டார். மேலே எழுதியதில் வெள்ளிக்கிழமையை மட்டும் வைத்துக்கொள், மற்றதையெல்லாம் அடித்துவிடு.

தட்டில் பூ, பழம், ஒரு பட்டுத் துணி எல்லாம் கொண்டுவந்திருந்தார். உட்காரவில்லை. நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் இருந்தேன்.

“தணிகா, உக்காருன்னு நீ சொல்றதுக்கு முன்னாடி ஒன்னு கேட்டுக்க. எனக்குத் தெரியும்டா. புள்ளைங்க கல்யாணம் பண்ணிக்கப் போவுதுன்னு எம்மவன் முன்னாடியே சொல்லிட்டான். சத்தியம் பண்ணேன் பாரு, அது பொய்யி.”

அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார். “பத்து மாசம் சும்மாதான இருந்த? இன்னிக்கி வந்து ஏன் சொல்ற?”

“நேத்து வரைக்கும் நீ என்ன நம்பல. பொய் சொன்னவனா இருக்கிறது லேசா இருந்துச்சி. நேத்து நம்பிட்டியே.”

“எம்பொண்ணு மறைச்சதுக்கு பயம்னு ஒரு காரணம் இருக்குது. உனுக்கு இன்னா?”

“எனக்கும் பயந்தான். நீ எழுந்து போயிட்டா ஞாத்திக்கெழமைக்கி எனக்கு யாரு இருக்காங்க?”

அம்மா காப்பியோடு பாதி வழியில் நின்றுவிட்டார். அப்பா எழுந்து தட்டை இரண்டு கையாலும் வாங்கிச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தார். மாமாவின் முகம் ஒரு கணம் மலர்ந்தது, நான் பார்த்தேன். அப்புறம் அப்பா திரும்பாமலே சொன்னார். “பொண்ணு வரட்டும். வெள்ளிக்கெழம நடக்கும். நீ வராத.”

யோசித்துப் பார்த்தேன் அக்கா. சீட்டில் மாமாவை நம்பாமல் அப்பா தோற்ற ஆட்டமெல்லாம் தப்பான ஆட்டம். அந்தச் சத்தியத்தில் மாமாவை நம்பாதது மட்டும் சரி. இன்னொன்றும் யோசித்தேன். தன் அப்பாவிடம் முன்பே சொன்னதை அத்தான் உன்னிடம் மறைத்திருக்க மாட்டார். இந்தப் பத்து மாதமும் நீ ஒரு வார்த்தை பேசவில்லை. அதை நேரில் வா, அப்போது கேட்கிறேன். இப்போது வேண்டாம், வயிற்றில் இருப்பது பயந்துவிடும்.

மாமாவின் பின்னாலேயே படிக்கட்டு வரை போனேன். “ஏ பாப்பா, நீ ஆயிரம் பொய் சொல்றவதான? எம்மருமகளுக்கு எழுதறப்போ ஒன்னு சேத்து எழுதிடு. எனக்கு முட்டி வலி, மாடி ஏற முடியல, அதான் வரலன்னு. நெசத்தச் சொன்னா அது வராது. வந்தாலும் அழுவும். இப்ப அழக்கூடாது” என்றார். சரி மாமா என்றேன். இரண்டு மாடியையும் கைப்பிடியைத் தொடாமல், விறுவிறுவென்று இறங்கிப் போனார்.

எனக்கு எழுத வரவில்லை. கழுதையை வைத்துக் கம்பெனியையே கலக்கிய எனக்கு இந்த ஒரு வரி வரவில்லை, எல்லாவற்றையும் உன்னிடம் கொட்டிவிட்டேன். ஆகவே இப்போது எழுதுகிறேன், இதை மட்டும் படித்ததாக நினைத்துக்கொள். மாமாவுக்கு முட்டி வலி, மாடி ஏற முடியாது, அதனால் வளைகாப்புக்கு வரவில்லை. வெள்ளிக்கிழமை மணையில் உட்கார்ந்ததும், அப்பா பக்கத்தில் நிற்கிற நேரம் பார்த்து, “மாமாவுக்கு முட்டி எப்படிப்பா இருக்கு?” என்று நீதான் கேட்க வேண்டும். அப்பா என்ன பதில் சொல்கிறார் என்று நானும் பார்க்கிறேன்.